வெந்நீருக்கு எது லாபம்: டேங்க் கீசரா, இன்ஸ்டன்ட்டா, ஹீட் பம்பா, சோலாரா?

ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற 4.186 கிலோஜூல் வேண்டும். எந்த கீசரும் இந்தக் கணக்கில் தள்ளுபடி தராது. 25 டிகிரித் தண்ணீரை 40 டிகிரியாக்கி ஒரு 20 லிட்டர் வாளியில் குளித்தால் 0.35 யூனிட் மின்சாரம் ஆகும் (ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல்). நிமிடத்துக்கு 8 லிட்டர் ஊற்றும் ஷவரில் எட்டு நிமிடம் நின்றால் 64 லிட்டர், அதாவது 1.1 யூனிட். மூன்று மடங்குக்கும் மேல்!

எனவே ஹீட்டரை மாற்றும் முன் ஷவரைச் சோதியுங்கள். 20 லிட்டர் வாளியை அடியில் வைத்து முழுசாகத் திறந்துவிடுங்கள். 80 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டுகிறது. நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் மட்டும் விடும் ஷவரை மாட்டினால் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தே பாதியாகும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு மிச்சம் வேறு எதிலும் இல்லை.

டேங்க் கீசரும் இன்ஸ்டன்ட்டும்

தேக்கி வைக்காமல் தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் இன்ஸ்டன்ட் என்றால் கரண்ட் குறைவு என்று கடையில் சொல்வார்கள். இரண்டிலும் காயில்தான். போடும் மின்சாரம் ஏறக்குறைய முழுதும் சூடாகத்தான் மாறுகிறது. வித்தியாசமெல்லாம் சும்மா ஆறிப்போகும் சூட்டில்தான்.

25 லிட்டர் டேங்கை 25-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஒரு யூனிட்டும், 2 கிலோவாட் காயிலில் அரை மணி நேரமும் ஆகும். பச்சைத்தண்ணீர் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கணக்குப்படி 58 லிட்டர் கிடைக்க வேண்டும். எடுக்க எடுக்கக் குளிர்ந்த தண்ணீர் உள்ளே புகுவதால் நடைமுறையில் குறையும். இரண்டு வாளி தாராளமாக வரும். அடுத்தடுத்து இரண்டு, மூன்று பேர் குளிக்கும் வீட்டில் டேங்க் சூடு வீணாகாது. ஒரே ஆள் ஒரு வாளி எடுத்துவிட்டுப் போனால் ஏற்றிய சூட்டில் பாதிக்கு மேல் டேங்கிலேயே தங்கி, மறுநாளைக்குள் அதில் கணிசமான பகுதி ஆறிப்போகும். ஆளுக்கொரு நேரம் குளிக்கும் வீட்டுக்கும் தனி ஆளுக்கும் இன்ஸ்டன்ட்தான் சரி.

இன்ஸ்டன்ட்டில் ஏமாறுவது ஷவர் விஷயத்தில். 3 கிலோவாட் ஹீட்டர், சூட்டை 15 டிகிரி ஏற்றி நிமிடத்துக்கு 2.9 லிட்டர்தான் தரும். 8 லிட்டர் ஷவரில் அதை மாட்டினால் 5 டிகிரிதான் ஏறும். வாளிக்குப் போதும், ஷவருக்குப் போதாது. ஷவருக்கு 8 கிலோவாட் தேவை. 230 வோல்ட்டில் அது 35 ஆம்பியர். தனி வயர், தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

டேங்க் கீசரை நாள் முழுக்க ஆனில் வைத்தால் மிச்சம் என்பது கட்டுக்கதை. தண்ணீர் எவ்வளவு நேரம் சூடாக இருக்கிறதோ அவ்வளவு சூடு வெளியே கசியும். குளிக்க அரை மணி முன்பு போட்டு, குளிக்கப் போகும்போது அணையுங்கள். சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 45-க்கு இறக்கி வைப்பதும் வேண்டாம். 25 முதல் 45 டிகிரி வரைதான் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். டேங்க் 60-ஐத் தொடட்டும்.

ஹீட் பம்ப்

வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்கு ஏற்றுவதால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு சூடு கிடைக்கும். நாலு பேரும் ஷவரில் குளித்தால் தினம் 4.5 யூனிட் ஆகும் இடத்தில் 1.5 போதும். வருடத்துக்கு ஆயிரம் யூனிட்டுக்கு மேல் மிச்சம். அதே வீட்டில் எல்லாரும் வாளிக் குளியல் என்றால் மிச்சம் தினம் ஒரு யூனிட்டைக்கூடத் தொடாது. அதிலும் ஹீட் பம்பின் 200 லிட்டர் டேங்கிலிருந்து கசியும் சூடு ஒரு பங்கைத் தின்றுவிடும். கூடுதலாகக் கொடுக்கும் விலையை, வருடத்தில் மிச்சமாகும் யூனிட்டையும் யூனிட் கட்டணத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்துப் பாருங்கள். பத்து வருடத்தைத் தாண்டினால் விட்டுவிடலாம். மெதுவாகத்தான் சூடேறும், கம்ப்ரஸர் சத்தம் உண்டு, குளிர்ந்த காற்றில் திறன் இறங்கும். காற்றோட்டமில்லாத சின்ன அறையில் வைத்தால் தானே அறையைக் குளிராக்கிக்கொண்டு திணறும்.

சோலார்

வெயிலுக்கு பில் இல்லை. ஆனால் சோலாரைக் கெடுப்பது பெரும்பாலும் குழாய்தான். மாடியிலிருந்து குளியலறைவரை 15 மீட்டர் அரை அங்குலக் குழாய் இருந்தால் அதற்குள்ளேயே ஏறக்குறைய 2 லிட்டர் நிற்கும். ஒவ்வொரு முறையும் அவ்வளவு ஆறிய தண்ணீர் முதலில் வரும். கடைசியில் அதே அளவு வெந்நீர் குழாயில் தங்கி ஆறும். குழாய்க்கு நைட்ரைல் ஃபோம் உறை போடுங்கள், முதலில் வரும் தண்ணீரை வாளியில் பிடித்து வேறு வேலைக்கு வையுங்கள். சாதாரண பி.வி.சி. 60 டிகிரியிலேயே இளகும், சூடு தாங்கும் சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். குழாய் வேண்டும்.

வெயிலைக் கண்ணாடிக் குழாய்களில் வாங்கும் வேக்குவம் ட்யூப் வகையில், தண்ணீர் தீர்ந்து வெறும் ட்யூப் உச்சி வெயிலில் காயும்போது மோட்டார் போட்டால் படாரென்று வெடிக்கும். விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ நிரப்புங்கள். உப்புத்தண்ணீர் வீட்டுக்கு ட்யூப் பரவாயில்லை, கழற்றிக் கழுவலாம். இன்னொரு வகையான ஃப்ளாட் ப்ளேட்டில் (தட்டையான பலகை போன்றது) மெல்லிய செம்புக் குழாய் அடைத்தால் ஆசிட் விட்டுத்தான் எடுக்க வேண்டும். மேகமூட்டத்துக்கென்று வைத்த மின் காயிலை ராத்திரி முழுக்க ஓடவிட்டால் காலை வெயிலுக்குச் சூடேற்ற ஒன்றும் மிஞ்சாது. சோலார் வைத்தும் பில் கையைக் கடிக்கிறது என்பவர்கள் முதலில் அந்த ஸ்விட்சைப் பாருங்கள்.

கேஸ் கீசர் வேகத்தில் கெட்டி. ஒரு வாளிக்கு 35 கிராம் போலத்தான் எல்.பி.ஜி. செலவாகும். ஆனால் மூடிய குளியலறைக்குள் அதை மாட்டுவது உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வெளிச்சுவரில் மாட்டி, புகை வெளியேறும் என்றால் மட்டும் யோசியுங்கள்.

டேங்க் உள்ள எதை வாங்கினாலும் உள்ளே மெக்னீசியம் ராடு இருக்கிறதா என்று கேளுங்கள். டேங்கின் இரும்புக்குப் பதிலாக அது அரிபடும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உள்கம்பி தெரிந்தால் மாற்றுங்கள். கழற்றும் முன் எம்.சி.பி.யை இறக்கி, வரும் தண்ணீரை மூடி, டேங்க் ஆறியபின் வடிக்க வேண்டும்.