சிக்பேட்டையில் பட்டு எடுக்கிறவர்களே, நூலை எரித்துக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்

பெங்களூரு சிக்பேட்டைக்குக் கல்யாணப் பட்டு எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைக்காரர் நம் கண் முன்னால் நூலை எரித்து, பட்டுதான் என்று காட்டிவிட்டு, அதே சேலையில் நம்மை ஏமாற்ற முடியும். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தியம்மாவுக்கு வைத்துக் கொடுக்க ஒரு காஞ்சிப் பட்டு வேண்டியிருந்தது. சந்துக்குள் மாடியில் இருக்கும் கடை. கடைக்காரர் நன்றாகத் தமிழ் பேசினார். "அக்கா, காஞ்சிபுரத்துல எங்க சொந்தத் தறி, நடுவுல புரோக்கரே கிடையாது" என்றார். அரக்குச் சேலை, மயில்கழுத்துக் கரை. 24,000 சொல்லி 19,500க்கு இறங்கினார். அண்ணி சந்தேகமாகக் கேட்டதும், முந்தானை ஓரத்தில் தொங்கிய இழைகளில் இரண்டைப் பிடுங்கி லைட்டரில் காட்டினார். முடி பொசுங்குகிற நாற்றம் வந்தது. சாம்பலை விரலில் தேய்த்தார், பொடியாக உதிர்ந்தது. பட்டுக்கு எல்லோரும் சொல்லும் அடையாளம் இதுதானே?

குச்சு கட்டுவதற்கு ஸ்ரீராமபுரத்தில் ஓர் அம்மாவிடம் கொடுத்தேன். முந்தானை நுனியில் குறுக்கே ஓடும் இழைகளை உருவி எடுத்த பிறகுதான் நெடுக்கு இழைகளைச் சேர்த்து முடிச்சுப் போடுவார்கள். உருவும்போதே அவருக்குக் கையில் தெரிந்துவிட்டது. "இது பட்டு இல்லம்மா, வழுக்கிட்டு வருது பாரு" என்று சொல்லி, உருவிய இழைகளைத் திரித்துத் தீக்குச்சியில் காட்டினார். சுருண்டு உருகி, கடுகு மாதிரி கறுப்பாக ஓர் உருண்டை நின்றது. நகத்தால் நசுக்கினாலும் உடையவில்லை. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம்.

நெடுக்கே போவது பாவு, குறுக்கே போவது ஊடை. முந்தானை ஓரத்தில் தொங்குவது பாவு நூல் மட்டும். பாவில் அசல் பட்டும் ஊடையில் பாலியெஸ்டரும் போட்டு நெய்தால், தொங்கும் இழையை எத்தனை தடவை எரித்தாலும் முடி நாற்றம்தான் வரும். எந்த இழையைப் பிடுங்க வேண்டும் என்று தெரிந்துதான் அவர் பிடுங்கியிருக்கிறார். அதனால் கடையில் குறுக்கு இழை ஒன்றையும் உருவி எரிக்கச் சொல்லுங்கள். நுனியில் ஓர் இழை போவதால் சேலைக்கு ஒன்றும் ஆகாது. மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் ஜரிகையையும் பார்த்தோம். நல்ல ஜரிகை என்றால் சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு இழையில் வெள்ளித் தகட்டைச் சுற்றி, மேலே தங்க முலாம் பூசியிருப்பார்கள். சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். எங்கள் சேலையில் வெள்ளை நூல் எட்டிப் பார்த்தது. ஆனால் சிவப்பு தெரிந்தாலும் முழுசாக நம்ப வேண்டாம். செம்பு ஜரிகைக்கும் உள்ளே சிவப்பு நூல் வைக்கிறார்கள்.

சேலையில் '100% பியூர் சில்க்' என்று ஓர் அட்டை கட்டியிருந்தது. அது யார் வேண்டுமானாலும் அச்சடிக்கக்கூடிய வெறும் அட்டை. மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004இல் வந்த சில்க் மார்க் முத்திரையில் ஹோலோகிராமும் தனி எண்ணும் இருக்கும். அதுகூடப் பட்டுக்குத்தான் உத்தரவாதம், ஜரிகைக்கு இல்லை. ஆகவே 'பியூர் சில்க், வெள்ளி ஜரிகை' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எங்கள் பில்லில் 'ஸாரி - 1' என்று மட்டும்தான் இருந்தது. திருப்பிக் கொண்டுபோனபோது "செமி சில்க்னு சொல்லித்தானே குடுத்தோம்" என்று அதே மனிதர் முகத்துக்கு நேரே சொன்னார். விற்ற சரக்கு திரும்ப எடுக்க மாட்டோம் என்று சுவரில் இருந்த போர்டையும் காட்டினார்.

காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு வாங்கிய பெயர். உடலையும் கரையையும் தனித்தனி ஊடையில் நெய்து கோர்க்கும் கோர்வைக் கரைக்காக, ஊடை நூலை ஓட்டும் நாடா மூன்றை வைத்து, ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து நெய்கிறவர்களுக்குச் சேர வேண்டிய விலையை இந்தச் சரக்குக்கு வாங்குகிறார்கள். எனக்கு அதுதான் பணம் போனதை விடப் பெரிய வயிற்றெரிச்சல்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தோம். அதன் பிறகு வேறு சேலை தருகிறோம் என்று கடையிலிருந்தே போன் வந்தது. அங்கிருந்து இன்னொரு சேலை எடுக்க எங்களுக்கு மனமில்லை, பணம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டோம். சரி, பார்க்கலாம் என்று இழுத்தடிக்கிறார்கள். மடிவாளா பக்கம் இருக்கும் பட்டு வாரிய வளாகத்தில் சோதிக்கக் கொடுத்து, அந்த அறிக்கையோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறோம். உங்கள் பீரோவிலும் இப்படித் தொங்கும் இழையை எரித்துக் காட்டி விற்ற சேலை இருந்தால், குறுக்கு இழையை ஒரு தடவை உருவிப் பாருங்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு வருஷத்துக்குள் என்றால் ஆணையத்தில் மனு போடலாம்.