செல் போடும் மவுஸா, சார்ஜ் ஏற்றும் மவுஸா?

வயர்லெஸ் மவுஸ் கேட்டால் கடையில் முதலில் வரும் கேள்வி, டாங்கிளா (யூஎஸ்பி துளையில் செருகும் சின்ன ரிசீவர்) புளூடூத்தா என்பதுதான். அதுவும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் வாங்கி மூன்று வருடம் கழித்து அந்த மவுஸ் மேஜையில் இருக்குமா, குப்பைக்குப் போயிருக்குமா என்பதைத் தீர்மானிப்பது அதன் பேட்டரி. கழற்றி மாற்றும் ஏஏ செல்லா, உள்ளேயே வைத்து மூடிய லித்தியம் பேட்டரியா என்று முதலில் கேட்டுவிடுங்கள். சேலம் பக்கம் இளம்பிள்ளையில் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போடுபவர்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளில் கணக்கு பார்ப்பவர்கள், ஏற்காட்டு விடுதிகளில் புக்கிங் பார்ப்பவர்கள் என நாள் முழுக்க மவுஸும் கையுமாக இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் வாங்கியது செல் போடும் மவுஸ். அந்தப் பக்கம் சாய்வு இருக்கும், தெரிந்துகொண்டே படியுங்கள்.

செல் பக்கத்துக்கு லாஜிடெக்கின் சிக்னேச்சர் எம்650, ஜி304 இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் ஒரே ஒரு ஏஏ செல் போதும். சார்ஜ் பக்கத்துக்கு அதே கம்பெனியின் எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ்; அதோடு, குறைந்த விலையில் 'ரீசார்ஜபிள்' என்று அச்சடித்து வரும் பெயர் தெரியாத மவுஸ்கள். கைக்கு அடக்கமா, கிளிக் சத்தம் பிடிக்கிறதா என்பதெல்லாம் கடையில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

3எஸ்-க்குச் சேர வேண்டிய பாராட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல் பக்கம் இருக்கும் இரண்டாவது சக்கரம், அகலமான எக்செல் ஷீட்டை இடவலமாக நகர்த்துவதற்கு அருமையானது. கண்ணாடி பதித்த மேஜையிலும் அதன் சென்சார் வேலை செய்யும். சாதாரண ஆப்டிகல் மவுஸ் அங்கே தடுமாறும். ஒருமுறை முழுதாக ஏற்றினால் 70 நாள் வரை தாங்கும், 1 நிமிடம் ஏற்றினால் 3 மணி நேரம் ஓடும் என்பது கம்பெனிக் கணக்கு. எடை 141 கிராம். ஜி304 செல்லோடு சேர்த்தே 99 கிராம்தான். நாள் முழுக்க இழுப்பவரின் மணிக்கட்டுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பேட்டரிக்கு வருவோம். லித்தியம் பேட்டரி இரண்டு வழியில் மூப்படையும். ஒன்று, ஏற்றி இறக்கும் சுற்று. 300 முதல் 500 சுற்றுக்குள் கொள்ளளவு புதிதில் இருந்ததில் 80 சதவீதமாக இறங்குவது இந்த வகையின் இயல்பு. 70 நாளுக்கு ஒரு தடவை ஏற்றும் மவுஸில் 3 வருடத்துக்கு 16 சுற்றுகூட வராது, ஆகவே அந்தக் கவலை இல்லை. இரண்டாவது வழி வயதும் சூடும். மவுஸைத் தொடாமலே வைத்திருந்தாலும் பேட்டரிக்கு வயதாகும். முழு சார்ஜில், சூட்டில் கிடந்தால் இன்னும் வேகமாக ஆகும். சித்திரை, வைகாசியில் சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொடும். நிழலில்லாத இடத்தில் நிறுத்திய காருக்குள் லேப்டாப் பையோடு மவுஸையும் விட்டுவிட்டுப் போனால் உள்ளே சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். ஏறிய சார்ஜ் நாளுக்கு நாள் சீக்கிரம் தீர்ந்தால், அல்லது மவுஸின் மேல் ஓடு லேசாகத் தூக்கி இடது பட்டன் மட்டும் அழுந்தாமல் நின்றால், உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அதற்குப் பிறகு அதைச் சார்ஜில் போடக் கூடாது, குத்திப் பார்க்கவும் கூடாது.

மாற்றலாமா என்றால், மாற்றலாம். திருகுகள் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே மறைந்திருக்கும். பட்டையை உரித்தால் பசை போகும், பட்டை மடங்கும், திரும்ப ஒட்டினால் ஓரம் தூக்கும். புதுப் பட்டையும் வாங்க வேண்டியிருக்கும். மேல் ஓட்டைத் திறக்கும்போது ரிப்பன் கேபிள் ஒன்று இரு பாதியையும் இணைத்திருக்கும், வேகமாகத் தூக்கினால் அது கிழியும். புதிய பேட்டரியின் மின்னழுத்தம், அளவு, கனெக்டர், அதில் சிவப்பு கறுப்பு கம்பிகளின் வரிசை எல்லாம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பெரிய கம்பெனியின் பிரபல மாடலுக்கு இதைத் தேடிப் பிடிக்கலாம். பெயர் தெரியாத ரீசார்ஜபிளுக்கு அந்த வழியே கிடையாது. பேட்டரி போனால் மவுஸும் போச்சு.

அந்த மலிவு வகையில் இன்னொரு தொல்லையும் உண்டு. டைப்-சி துளை இருக்கும், ஆனால் இரு முனையும் டைப்-சி ஆன கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறாது. உள்ளே வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை மிச்சம் பிடித்திருப்பார்கள். எதிரே ஒரு சாதனம் இருப்பதே சார்ஜருக்குத் தெரியாது. மவுஸ் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் பழைய அகல யூஎஸ்பி முனை கொண்ட கேபிளில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

இப்போது செல். இதிலும் தவறாக வாங்கினால் தொல்லைதான். பெட்டிக்கடையில் சுவர்க் கடிகாரத்துக்கு என்று கொடுக்கும் மலிவான ஜிங்க் கார்பன் செல்லை மவுஸில் போடாதீர்கள். கொள்ளளவு குறைவு, அதன் வெளிக்கூடே துத்தநாகம்தான், செல் தீரத் தீர அந்தக் கூடே கரைந்து ஓட்டையாகி ஒழுகும். ஆல்கலைன் பரவாயில்லை, ஆனால் தீர்ந்ததை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் அதுவும் ஒழுகும். மூடியைத் திறந்தால் ஸ்பிரிங் இருக்கும் மைனஸ் முனையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்றில் பச்சை படிந்திருக்கும். வெளியே வந்த காரம் அது. விரலால் தொடாமல், காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரில் லேசாக நனைத்துத் துடைத்தால் நுரைத்துக் கரையும். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட குச்சியால் ஒருமுறை துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புது செல் போடலாம். ஸ்பிரிங் இற்றுப் போகாத வரை மவுஸ் பிழைத்துக்கொள்ளும்.

நான் சொல்லும் ஏற்பாடு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் செல் இரண்டு: 2000 எம்ஏஎச் அளவில், சும்மா வைத்தாலும் சீக்கிரம் இறங்காத 'லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்' வகை. ஒன்று மவுஸில், ஒன்று மேஜை டிராயரில். மாற்ற அரை நிமிடம். சார்ஜர் வாங்கும்போது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக ஏற்றுவதாகப் பார்த்து வாங்க வேண்டும். விலை குறைந்தவை பலவும் ஜோடியாகத்தான் ஏற்றும். ஒற்றைச் செல்லைப் போட்டால் விளக்கே எரியாது. பழைய செல்லையும் புதிய செல்லையும் ஜோடி சேர்த்துப் போட்டால் ஒன்று நிரம்பி வழியும், மற்றது அரைகுறையாக நிற்கும்.

இதில் ஒரு குழப்பம் வரும், பயப்பட வேண்டாம். ஆல்கலைன் புதிதில் 1.5 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே தொடங்கிப் படிப்படியாக இறங்கும். ரீசார்ஜபிள் செல்லோ பெரும்பகுதி நேரம் 1.2 வோல்ட்டிலேயே நிற்கும், கடைசியில் சட்டென்று விழும். ஆல்கலைன் கணக்குப்படி அளக்கும் மென்பொருள், புதிதாக ஏற்றிய செல்லையே பாதி என்று காட்டும், கடைசியில் எச்சரிக்கை தரவும் தாமதிக்கும். ஆகவே சதவீதத்தைப் பார்க்காமல், மாதம் பிறந்தால் செல்லை மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் போதும். எம்650-க்கு ஒரு ஆல்கலைன் செல்லில் 24 மாதம் என்கிறது கம்பெனி. டிசைன் வேலைக்கு அதில் பாதி என்று எடுத்துக்கொள்வது நியாயம். ஜி304 கணினியில் கேம் விளையாடுகிறவர்களுக்கானது, நொடிக்கு 1000 முறை கணினிக்குத் தகவல் அனுப்பும் நிலையில் 250 மணி நேரம்தான் வரும். தினம் 8 மணி நேரம் என்றால் ஒரு மாதம். லாஜிடெக்கின் ஜி ஹப் மென்பொருளில் ரிப்போர்ட் ரேட்டை, அதாவது அந்த 1000-ஐ, 125-க்கு இறக்கிவிட்டால் ஆயுள் பல மடங்கு கூடும், அலுவலக வேலைக்கு எந்தக் குறையும் தெரியாது.

டாங்கிளா புளூடூத்தா என்றால் நிலையான மேஜைக்கு டாங்கிள், பையில் அலையும் லேப்டாப்புக்குப் புளூடூத். ஏற்காட்டில் இடியோடு மழை பிடித்தால் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். கணினி திரும்பத் திரும்ப எழும்போது டாங்கிள் மவுஸ், விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையிலேயே வேலை செய்யும். புளூடூத் பெரும்பாலும் விண்டோஸ் வந்த பிறகுதான். டாங்கிளை எங்கே செருகுகிறோம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நீல நிற யூஎஸ்பி 3.0 துளையும் அதில் தொங்கும் ஹார்டு டிஸ்க்கும், டாங்கிள் பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். 2012-லேயே இன்டெல் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. ஸ்டீல் மேஜைக்கு அடியில், சிபியுவின் பின்பக்கம், நீலத் துளையில் டாங்கிள் இருந்தால் அம்பு விட்டுவிட்டு நகரும், மவுஸ் கெட்டுவிட்டதாகவே தோன்றும். ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு கேபிள் வாங்கி, டாங்கிளை மேஜைக்கு மேலே, மவுஸிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது. புளூடூத்தில் இதேபோல் விட்டுவிட்டு வந்தால் டிவைஸ் மேனேஜரில் புளூடூத் அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்க அணைத்துக்கொள்ளலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

டாங்கிள் தொலைந்தால்? எம்650, 3எஸ் இரண்டும் லாஜிடெக்கின் புதிய டாங்கிளான லாஜி போல்ட் வகை. தனியாக ஒரு போல்ட் டாங்கிள் வாங்கி இணைத்துக்கொள்ளலாம். பழைய யூனிஃபையிங் டாங்கிள் இவற்றுக்குச் சேராது, ஆரஞ்சு முத்திரை இருந்தால் அது பழையது.

அமைப்புகளில் முதலில் செய்ய வேண்டியது, விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' டிக்கை எடுப்பது. அது இருக்கும் வரை கை வேகத்துக்கு ஏற்ப அம்பின் தூரம் மாறும், ஒரே அசைவு இரண்டு தடவை ஒரே இடத்தில் நிற்காது. அதை எடுத்துவிட்டு, பாயின்டர் வேகத்தை நட்டநடுவில் வைத்தால், மவுஸின் ஒரு எண்ணிக்கைக்குத் திரையில் ஒரு பிக்சல். 1000 டிபிஐ-யில் (கை ஒரு அங்குலம் நகர்ந்தால் 1000 எண்ணிக்கை) 1920 பிக்சல் அகலத் திரையைக் கடக்கக் கை சுமார் 5 சென்டிமீட்டர் நகர வேண்டும். 4000-இல் வைத்தால் ஒன்றேகால் சென்டிமீட்டரிலேயே திரை முடிந்துவிடும். ஜக்கார்டு டிசைனில் ஒவ்வொரு கட்டமும் தறியில் ஒரு பாவு இழையும் ஒரு ஊடை இழையும் குறுக்கிடும் இடம். பார்டரில் ஒரு கட்டம் தள்ளி கிளிக் விழுந்தால் அது சேலை நெடுகத் திரும்பத் திரும்ப வரும். அந்த வேலைக்கு 800 முதல் 1000 டிபிஐ-க்கு மேல் போகாதீர்கள். பெட்டியில் பெரிதாக அச்சடித்த 8000, 12000 எல்லாம் இங்கே பயன்படாது.

பக்கவாட்டு பட்டன்கள் இரண்டில் ஒன்று கண்ட்ரோல்-இசட்; இது டிசைன்காரர், டிடிபி-காரர் எல்லாருக்கும் பொது. இன்னொன்றுக்கு விண்டோஸ்-ஸ்பேஸ் வைத்துப் பாருங்கள். தமிழ்99 விசைப்பலகைக்கும் ஆங்கிலத்துக்கும் நொடிக்கொரு தரம் தாவுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. எம்650-க்கு லாஜிடெக்கின் ஆப்ஷன்ஸ் பிளஸ் மென்பொருளைப் போட்டிருந்தால், பக்கவாட்டு பட்டனை அழுத்தியபடி சக்கரத்தை உருட்டிப் பக்கம் இடவலமாக நகர்த்தலாம். 3எஸ்-இன் இரண்டாவது சக்கரத்துக்கு இது ஓரளவு ஈடு. ஆப்ஷன்ஸ் பிளஸில் செய்த மாற்றங்கள் அந்தக் கணினியில்தான் இருக்கும் என்பது நினைவிருக்கட்டும். ஷிப்ட் மாறி வேறு சிஸ்டத்தில் உட்காருகிறவர்களுக்கு ஜி304 தோது: அதன் டிபிஐ, பட்டன் அமைப்பு மவுஸுக்குள்ளேயே பதிவாகும். மென்பொருளே வராத சாதாரண ஐந்து பட்டன் மவுஸுக்கு எக்ஸ்-மவுஸ் பட்டன் கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் போதும்.

ஒரு விஷயத்தில் இரு தரப்பும் சமம். வருடங்கள் போகப் போக இடது பட்டன் ஒரு தட்டுக்கு இரண்டாகத் தட்டும், கோடு இழுக்கும்போது நடுவில் அறுந்துபோகும். உள்ளே இருக்கும் மைக்ரோ சுவிட்சின் செம்புத் தகடும் தொடுமுனையும் தேய்ந்து கறுப்பதால் வருவது. மூன்று கால் சுவிட்ச், தனியாகக் கிடைக்கும். மொபைல் சர்வீஸ் செய்பவர் எவரும் மாற்றித் தருவார். தொடுமுனையே இல்லாமல் ஒளியால் வேலை செய்யும் சுவிட்ச் கொண்ட மவுஸ்களில் இந்தக் கோளாறு வர வழியில்லை. ஆனால் நம்மூர் உழைப்புக்குப் பல வருடம் ஈடுகொடுத்த ஒன்றைப் பார்க்காமல் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எக்செல்லிலேயே குடியிருப்பவர், கண்ணாடி மேஜையை மாற்ற முடியாதவர், இரண்டு மூன்று கணினிக்கு ஒரே மவுஸை மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர் 3எஸ் வாங்கலாம், காசு வீண் போகாது. அது வாங்கினால் வருடக்கணக்கில் கேபிளில் செருகியே வைக்காமல், இறங்கவிட்டு ஏற்றுங்கள். குறைந்த விலை ரீசார்ஜபிள் மட்டும் வேண்டவே வேண்டாம். 

ஏற்காட்டில் விடுதியையோ எஸ்டேட் அலுவலகத்தையோ சில மாதம் பூட்டிவிட்டுக் கீழே இறங்குகிறவர்கள் செல்லைக் கழற்றி, மூடியைத் திறந்தபடியே மவுஸை மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிட்டுப் போகலாம். சார்ஜ் ஏற்றும் மவுஸ் என்றால் பாதி சார்ஜில் சுவிட்சை அணைத்து வையுங்கள். முழுதாகத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்த லித்தியம் பேட்டரி திரும்பி வந்து கேபிளைச் செருகினாலும் ஏறாமல் போகலாம்.