இருவர் அமரும் மறைகூடாரம்: திருகோணமலைக் காட்டோரத்துக்குத் தோதா?

பறவைப் படம் எடுப்பவர் ஒளிந்திருக்க, கடையில் பெட்டியோடு வரும் பொப்-அப் ஹைட். அடி 150 × 150 செ.மீ., உயரம் 165 செ.மீ. நாலு சுவர், ஒரு கூரை, ஒவ்வொன்றின் நடுவிலும் கண்ணாடியிழைக் கம்புகள் கூடும் ஒரு மூட்டு, இலை அச்சடித்த பொலியெஸ்டர் சீலை. குளிர்நாட்டுக் காட்டுக்கென்று தைத்தது. கன்னியாப் பக்கக் காட்டோர வளவில் ஆறுமணிக் குருவிக்காக (இந்தியன் பிட்டா) நிறுத்தினால் இதன் குணம் முழுக்கத் தெரிந்துவிடும்.

நல்லதை முதலில் சொல்லலாம். உள்பக்கக் கறுப்புப் பூச்சு அருமை. பின்ஜன்னலை மூடிவைத்தால் ஆள் அசைவது வெளியே தெரியாது. திறந்துவிட்டால் நிழலுரு பளிச்சென்று விழும், குருவி திரும்பியும் பாராது. நிறுத்த இரண்டு நிமிடம் போதும். கம்பு முறிவது மடிக்கும்போதுதான்: மூட்டின் நடுவை உள்ளங்கையால் உள்ளே தள்ளவேண்டும். கம்பைப் பிடித்து வளைத்தால் மூட்டோரத்தில் பிளக்கும்.

பெரிய குறை ஜன்னல். கீழ் விளிம்பே 75 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆறுமணிக் குருவி சருகுக்குள் தத்தித் திரிவது. 5 மீட்டரில் அதை அந்த உயரத்திலிருந்து எடுத்தால் பின்னணியாக விழுவது வெறும் தரை. லென்ஸை 30 செ.மீ.க்கு இறக்கினால்தான் பின்னாலுள்ள காடு கரைந்து பச்சையாக வரும். வழி: கதிரையை விட்டுப் பாயில் இருந்து, கதவு ஸிப்பை அடியிலிருந்து ஒரு முழம் திறந்து, இடைவெளியில் கறுப்புச் சீலையைச் சட்டைக் கைபோலத் தைத்து லென்ஸைச் சுற்றிக் கட்டுவது. ஜன்னலுக்குத் தரும் வலைக்குள்ளால் எடுக்கலாம் என்பது பெட்டியில் எழுதியிருப்பது மட்டும். ஓட்டோஃபோகஸ் வலையிலேயே சிக்கும், படம் பால்போல வெளிறும்.

அந்த 5 மீட்டர் கணக்கு: முழுச்சட்டக் (full-frame) கமராவில் 600 மி.மீ. லென்ஸுக்கு அங்கே படத்துக்குள் அடங்கும் அகலம் 30 செ.மீ. குருவி 18, 19 செ.மீ. இருக்கும், சுற்றிலும் கொஞ்சம் இடம் மிஞ்சும். காலைப் படத்துக்குக் கூடாரம், குருவியை வரவழைக்க வைக்கும் தண்ணித் தட்டுக்குக் கிழக்கே, ஜன்னல் மேற்கே பார்க்க.

தட்டு மண்சட்டியாக, தண்ணி மூன்று செ.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம். மார்கழி, தையில் எங்கும் மழைத்தண்ணி நிற்க உங்கள் சட்டிக்கு ஏன் வரப்போகிறது? மாசி, பங்குனிதான் காலம். சித்திரையோடு குருவி இந்தியாவுக்குத் திரும்பிவிடும். ஆளில்லாமல் மூன்று நாலு நாள் கூடாரத்தை நிற்கவிட்டுப் பிறகு உள்ளே போங்கள்.

கூட வரும் முளைகள் 18 செ.மீ. காய்ந்த செம்மண்ணில் வளையும், நிலாவெளி மணலில் கழன்று வரும். 8 மி.மீ. கட்டடக் கம்பியை 30 செ.மீ. துண்டுகளாக வெட்டி, தலையை வளைத்து அடியுங்கள். வேறு பறவைக்கு வைத்திருந்தால், வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்றுத் தொடங்கினால் காற்றுப்பக்கச் சுவர் உள்ளே மடிந்து விழும். நாலு மூட்டிலும் வெளிக்கயிறு கட்டாமல் நிற்காது. அந்தக் காலத்தில் ஒன்பது மணிக்கே உள்ளே அவியும், காலை ஆறுக்குப் போய் எட்டரைக்கு வெளியே வரவேண்டியதுதான். ஸிப்புக்கு மெழுகுதிரி தேய்த்தால் சத்தம் குறையும்.

தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் வாகனத்தை விட்டு இறங்க முடியாது, ஒதுக்குக் காட்டுக்கும் அனுமதி வேண்டும். ஆகவே வளவுக்காரரிடம் கேட்டு வைப்பதே சரி. பக்கத்தில் யானை லத்தி கிடந்தால், பழசென்றாலும், வேறிடம் பாருங்கள். இந்தச் சீலை யானையிடமிருந்து மறைக்காது, அது மணத்தாலே கண்டுபிடித்துவிடும்.

மரத்தில் இருக்கும் பறவைக்கு அப்படியே வாங்கலாம். தரைக்குருவிக்கென்றால் தையற்காரரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.