பிராசசர் பாதுகாப்பு அப்டேட்டும் என் பழைய ஐ3 பெட்டியும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் இருப்பது இன்டெல்லின் நாலாம் தலைமுறை ஐ3 பிராசசர். 2013-இல் வந்த ஹாஸ்வெல் ரகம். சில கடைகளுக்கு டேலியில் கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல், இரவில் யூடியூப், இவ்வளவுதான் அதன் வேலை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று பிராசசரிலேயே இருந்த பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே தெரிந்ததிலிருந்து வந்த அப்டேட்டுகளை எல்லாம் போட்டே ஓட்டினேன். "மிஷின் படுத்துடும் சார், ஆஃப் பண்ணி வச்சிடுங்க" என்று சொல்லாத ஆளில்லை.

மந்தமாகுமா என்றால், ஆகும். மைக்ரோசாஃப்டே அப்போது ஒத்துக்கொண்ட விஷயம்தான். விண்டோஸ் 10-இல் ஆறாம் தலைமுறை ஸ்கைலேக்கும் அதற்குப் பிந்தியதும் என்றால் பெரும்பாலோருக்கு மந்தம் தெரியாது, ஹாஸ்வெல்லும் அதற்கு முந்தியதும் என்றால் சிலருக்குத் தெரியும் என்றது. பழைய பிராசசரில் விண்டோஸ் 7, 8 வைத்திருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

விஷயம் இதுதான். பிராசசர் அடுத்து வரப்போகும் வேலையை ஊகித்து முன்கூட்டியே செய்துவைக்கும். ஊகம் தப்பினால் அதைத் தூக்கிப் போட்டுவிடும், ஆனால் கேஷில், அதாவது பிராசசருக்குள் இருக்கும் சின்ன மெமரியில், தடயம் தங்கிவிடும். அந்தத் தடயத்தைப் பிடித்துத்தான் மெல்ட்டவுன் விண்டோஸின் மையமான கெர்னலின் மெமரியைப் படித்தது. அதை அடைக்க, மெமரியில் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் பேஜ் டேபிளை கெர்னலுக்கும் புரோகிராமுக்கும் தனித்தனியாகப் பிரித்தார்கள். ஃபைல் திறக்க, எழுத, நெட்டில் அனுப்ப என்று புரோகிராம் கெர்னலிடம் போய் வரும் ஒவ்வொரு தடவையும் டேபிள் மாற வேண்டும். கடலூர்-பாண்டி எல்லையில் இருக்கும் ஆல்பேட்டை செக்போஸ்ட் மாதிரிதான். கடலூருக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு அது கணக்கிலேயே வராது. பாண்டிக்கும் இங்குமாக நாளெல்லாம் ஓடுகிறவருக்குத்தான் நேரம் போகும்.

வீட்டு வேலையில் அப்படி ஓடுவது என்ன? பொடிப்பொடி ஃபைல்கள். பல வருட பில் ஸ்கேன்களும் டேலி டேட்டாவும் கிடக்கிற ஃபோல்டரை நான் ஜிப் செய்து வைப்பது வழக்கம். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தவரை வித்தியாசமே தெரியவில்லை, டிஸ்க்தான் எல்லாரையும் காக்க வைத்தது. எஸ்எஸ்டி மாற்றிய பிறகு, ஸ்டீவ் கிப்சனின் 'இன்ஸ்பெக்டர்' (InSpectre) என்ற இலவசக் கருவியில் பாதுகாப்பை நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, அதே ஃபோல்டரை ஜிப் செய்து பார்த்தேன். சீக்கிரம் முடிந்தது, ஆனால் கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரிகிற அளவு. டேலியில் வவுச்சர் போடுவதிலும் யூடியூபிலும் துளி மாற்றமில்லை. பாதுகாப்பைத் திரும்பப் போட்டுவிட்டேன். ஸ்பெக்டர் ஓட்டையை பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகவே பயன்படுத்த முடியும் என்று காட்டியிருக்கிறார்கள்; பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிற பெட்டியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

எனக்கு உறைத்தது வேறு இடத்தில். ஸ்பெக்டருக்காகவே குரோம் 67-இல் ஒவ்வொரு தளத்தையும் தனி பிராசஸில் ஓட்ட ஆரம்பித்தார்கள். மெமரி 10 முதல் 13 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும் என்று கூகுளே சொன்னது. 4 ஜிபி ராமில் டேலியும் ஜிஎஸ்டி தளமும் நாலு டேபும் சேர்ந்தால் மவுஸ் நகர்வதே பெரும்பாடு. 8 ஜிபி ஆக்கினேன், தீர்ந்தது. கடல் காற்றில் பிசுபிசுத்துக் கிடந்த ஃபேனைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் வைத்ததில் இன்னும் கொஞ்சம் உயிர் வந்தது. பழியெல்லாம் அப்டேட் மேல்.

2023-இல் வந்த டவுன்ஃபால் ஓட்டை இன்னொரு வேடிக்கை. ஸ்கைலேக் முதல் பல தலைமுறைகளைப் பாதித்தது, என் கிழட்டு ஹாஸ்வெல் தப்பித்துக்கொண்டது. மாட்டியது என் எட்டாம் தலைமுறை லேப்டாப். சில வேலைகளில் 50 சதவீதம் வரை வேகம் குறையலாம் என்று இன்டெல்லே சொன்னது, ஆனால் அது பெரிய கணக்கீடுகளுக்கான ஒரு வகைக் கட்டளையைச் சார்ந்தது. எக்ஸெல்லிலும் பிரவுசரிலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. நாலாம் தலைமுறைக்கு முறைப்படி விண்டோஸ் 11 கிடையாது. அதனால் டேலியை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு, டெஸ்க்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டிருக்கிறேன். அங்கே டெர்மினலில் 'எல்எஸ்சிபியு' (lscpu) கட்டளை கொடுத்தால் எந்த ஓட்டை அடைபட்டிருக்கிறது, எது இந்த பிராசசருக்குப் பொருந்தாது என்று வரிசையாக வந்துவிடுகிறது, இன்ஸ்பெக்டர் தேவைப்படவில்லை.