துறைமுக வேலைநிறுத்தத்தில் கைகொடுத்த கொச்சி சரக்கு முகவர்: என் மதிப்பீடு

பொள்ளாச்சிப் பக்கம், ஏற்றுமதிச் சரக்கைக் கப்பலில் அனுப்பித் தரும் சரக்கு முகவரைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் கட்டணத்தைத்தான் சொல்வார்கள். என் அளவுகோல் வேறு. நெருக்கடி வந்தால் எந்தக் கன்டெய்னர் பெட்டியை வேறு துறைமுகத்துக்குத் திருப்பலாம், எதைத் தொடவே கூடாது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கொச்சி வெலிங்டன் தீவில் சிறிய அலுவலகம் வைத்திருக்கும் எங்கள் முகவருக்கு அது தெரியும்.

எங்கள் தென்னை நார் மில் மீனாட்சிபுரம் எல்லையை ஒட்டி இருக்கிறது. நார்க்கழிவைக் கழுவி, உலர்த்தி, ஐந்து கிலோ கட்டிகளாக அழுத்தி, நாற்பதடி கன்டெய்னரில் ஏற்றுகிறோம். லாரி கொல்லங்கோடு, வடக்கஞ்சேரி, குதிரான் சுரங்கம் வழியாகக் கொச்சியின் கன்டெய்னர் முனையமான வல்லார்பாடம் போய்ச் சேரும். சரக்கில் பெரும்பகுதி, மண்ணுக்குப் பதிலாக இதில் செடி வளர்க்கும் அமெரிக்கப் பசுமைக்குடில் விவசாயிகளுக்கு.

2024 ஆகஸ்ட் 28 முதல் நம் நாட்டுப் பெரிய துறைமுகங்களின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தார்கள். தூத்துக்குடிக்கு மாற்றிவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். “அண்ணா, கொச்சி, தூத்துக்குடி இரண்டுமே பெரிய துறைமுகப் பட்டியலில்தான் இருக்கின்றன. கூடுதல் லாரி வாடகையும் கொடுத்து, அங்கேயும் காத்துத்தான் கிடக்க வேண்டும்” என்றார். காலிப் பெட்டியைக்கூட எடுக்க விடவில்லை. எடுத்துவிட்டால், பெட்டியை வைத்திருப்பதற்கான கப்பல் கம்பெனியின் நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். 27-ஆம் தேதி 8.5 சதவீத ஊதிய உயர்வுக்கு உடன்பாடு ஏற்பட்டு, வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. எங்களுக்கு ஒரு பைசா வீண்செலவு இல்லை.

பெரிய சோதனை அமெரிக்காவில்தான் காத்திருந்தது. கிழக்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்களின் ஒப்பந்தம் செப்டம்பர் 30-இல் முடிவதாக இருந்தது. அவர் அதை வெகுமுன்பே சொல்லி, எங்கள் ஆர்டர் பட்டியலைக் கேட்டு வாங்கினார். தேதி தவறினால் நடவு கெட்டுவிடும் வாடிக்கையாளர் யார், காத்திருக்கக்கூடியவர் யார் என்று ஒவ்வொரு வரியாக விசாரித்தார். நார்க்கழிவு அழுகும் பொருள் அல்ல; ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் கிடங்கில் கிடக்கும். ஆகவே காத்திருக்கக்கூடிய சரக்கை மில்லிலேயே நிறுத்திவைத்தோம். அவசரச் சரக்கை மட்டும் மேற்குக் கரையின் லாங் பீச் துறைமுகத்துக்குப் பதிவு செய்தார். அங்கே வேறு தொழிற்சங்கம். அவர்கள் 2023-இல் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் 2028 வரை செல்லும். அங்கிருந்து உள்நாட்டுக்கு ரயில். செலவு அதிகம்தான், வாடிக்கையாளர் பாதியை ஏற்றுக்கொண்டார்.

ஏற்கெனவே கடலில் இருந்த பெட்டியைப் பற்றித்தான் எனக்குப் பெருங்கவலை. வேறொரு முகவர் அதைக் கனடாவின் மான்ட்ரியால் துறைமுகத்துக்குத் திருப்பிவிடலாம் என்று ஆசை காட்டினார். எங்களவர் ஒரு தாளை எடுத்துச் செலவை எழுதினார்: அசல் பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ஆவணம்) அத்தனையையும் திருப்பிக் கொடுத்துத் திருத்த வேண்டும், கப்பல் கம்பெனிக்கு மாற்றுக் கட்டணம், சுங்க ஆவணம் புதிதாக, எல்லை தாண்டி ரயில் வாடகை. மான்ட்ரியாலிலும் தொழிலாளர் தகராறு இருப்பதை அடியில் எழுதிக் கோடிட்டார். அந்தத் துறைமுகத்தில் செப்டம்பர் 30-இலேயே இரண்டு முனையங்களில் மூன்று நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. நவம்பரில் கதவடைப்பே நடந்தது.

பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கப் பொடி எழுத்தைச் சிவப்புப் பேனாவால் அடையாளமிட்டுக் காட்டியவரும் அவரே. துறைமுகத்தில் இறக்க முடியாவிட்டால் கப்பல் கம்பெனி வேறிடத்தில் இறக்கிவிடலாம், அதற்குமேல் ஆகும் செலவு சரக்குக்காரர் தலையில். காப்பீடும் இதற்கு உதவாது. வேலைநிறுத்தக்காரர்களால் சரக்குக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைக்கும், தாமதத்தால் வரும் நஷ்டத்துக்குக் கிடைக்காது. ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்கள் இந்த இரண்டு விதிகளையும் அவசியம் படிக்க வேண்டும்.

அக்டோபர் 1-இல் மெய்ன் முதல் டெக்ஸாஸ் வரை வேலைநிறுத்தம் தொடங்கியது. 1977-க்குப் பிறகு அந்தக் கரை முழுவதும் நின்றது அதுதான் முதல் முறை. ஆறு ஆண்டுகளில் 62 சதவீத ஊதிய உயர்வு என்ற உடன்பாட்டோடு 3-ஆம் தேதியே முடிந்தும் விட்டது. கூலி கேட்டு நின்றவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை; பாரம் தூக்குகிறவர்களின் உழைப்பை என் மில்லில் தினமும் பார்க்கிறேன். நாங்கள் தொடாமல் விட்ட பெட்டி கிழக்குக் கரையின் சவானா துறைமுகத்தில் சற்றுத் தாமதமாக இறங்கியது, கூடுதல் கட்டணம் எதுவும் வரவில்லை.

குறை உண்டு. லாங் பீச் சரக்குக்கான இறுதி பில்லில் ‘இதர செலவுகள்’ என்று ஒரே வரியில் பெரிய தொகை. கேட்டபோதுதான் அதில் டிரெய்லர் வாடகையும் அடங்கும் என்று தெரிந்தது. முதலில் கொடுத்த விலைப்பட்டியலில் அது இல்லை. ரசீதுகள் கைக்கு வர உதவியாளரைப் பலமுறை துரத்த வேண்டியிருந்தது. இவ்வளவு கவனமாக யோசிப்பவரின் அலுவலகத்தில் கணக்கு மட்டும் இப்படி இருப்பது வருத்தமாக இருக்கிறது. அடுத்த பருவத்துச் சரக்கையும் அவரிடமே கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு செலவையும் பிரித்து, பதிவுக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும் என்பது நிபந்தனை, ஒப்புக்கொண்டிருக்கிறார்.