ரியாக்ட் ரவுட்டர்: சில வருஷமா யூஸ் பண்றேன், என் அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்ல ஒரு மொத்த ஜவுளிக் கடைக்கு ஆர்டர் எடுக்குற வெப் ஆப் பண்ணிக் குடுத்து இன்னமும் நான்தான் பாத்துக்குறேன், ரவுட்டிங்குக்கு, அதாவது எந்த அட்ரஸுக்கு (யுஆர்எல்) எந்த பேஜைக் காட்டணும்னு முடிவு பண்ற வேலைக்கு, முதல்ல இருந்தே ரியாக்ட்ல எழுதுற ஆப்புக்கான ரியாக்ட் ரவுட்டர் லைப்ரரிதான், வெர்ஷன் 5ல ஆரம்பிச்சு இப்ப 7ல நிக்குது.

என்னைக் கேட்டா ஒரு ரவுட்டர் நல்லா இருக்கா இல்லையான்னு சொல்றது பேக் பட்டன்தான். கடையில இருக்குறவங்க எல்லாரும் ஆண்ட்ராய்டு போன்தான், எதைத் திறந்தாலும் மூடுறதுக்கு கை நேரா பேக்குக்குத்தான் போகும். புடவை போட்டோவை பெருசா காட்டுற பாப்அப்பை வெறும் ஸ்டேட்ல (யுஆர்எல்ல வராம ஆப்போட மெமரில மட்டும்) வச்சா, பேக் அமுக்குனதும் போட்டோ மூடாம லிஸ்ட்டே போயிடும். அதனால போட்டோவுக்கும் தனி ரவுட், அதாவது தனி அட்ரஸ். கலர், ரேட், சைஸ் ஃபில்டர் எல்லாம் யூஸ்சர்ச்பாரம்ஸ்ங்கற ரவுட்டரோட ஃபங்ஷன் வச்சு யுஆர்எல்லயே இருக்கு, ஆனா சர்ச் பாக்ஸ்ல டைப் பண்றப்ப மட்டும் ரீப்ளேஸ் ஆப்ஷன் (புது என்ட்ரி சேர்க்காம பழசையே மாத்துறது) கண்டிப்பா போடணும், இல்லன்னா ஒவ்வொரு எழுத்தும் ஹிஸ்டரில ஒரு என்ட்ரியா ஏறிடும், பேக் அமுக்கி அமுக்கி கை வலிக்கும்.

இதுல கெடைக்குற பெரிய லாபம் வாட்ஸ்அப். "அண்ணே இந்த கலர்ல இவ்ளோதான் இருக்கு, பாருங்க"ன்னு கடைப் பசங்க லிங்க் அனுப்புனா தண்டையார்பேட்டைல இருக்குற சில்லறைக் கடைக்காரருக்கு அதே ஃபில்டரோட அப்படியே திறக்குது. அதுக்கு சர்வர் பக்கமும் ஒரு வேலை இருக்கு. ஆப்புக்குள்ள போகும்போது ப்ரவுசரோட ஹிஸ்டரி ஏபிஐ அட்ரஸை மட்டும்தான் மாத்துது, லிங்க்ல நேரா வந்தாலோ ரிஃப்ரெஷ் பண்ணாலோ ரிக்வெஸ்ட் சர்வருக்குப் போகும், அங்க அப்படி ஒரு ஃபைலே கிடையாது, 404. என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர்ல ட்ரைஃபைல்ஸ் செட்டிங் போட்டு எல்லாத்தையும் இண்டெக்ஸ் பக்கத்துக்கே திருப்பிட்டா சரி. அட்ரஸ்ல # குறிக்கு (ஹாஷ்) அப்புறம் பாதையை வைக்குற ஹாஷ் ரவுட்டர்ல இந்த தொல்லை இல்ல, ஹாஷுக்கு அப்புறம் இருக்குறது சர்வருக்கே போகாது, ஆனாலும் சர்வர் நம்ம கைல இருந்தா # இல்லாத சாதாரண அட்ரஸ் தர்ற ப்ரவுசர் ரவுட்டரே எடுங்க.

2021 நவம்பர்ல வந்த வெர்ஷன் 6ல, மேட்ச் ஆகுற ரவுட்டை எடுக்குற ஸ்விட்ச் போய் ரவுட்ஸ் ஆச்சு, கோடுல இருந்து பேஜ் மாத்துற யூஸ்ஹிஸ்டரி போய் யூஸ்நேவிகேட் ஆச்சு, மாத்த வேலை இருந்துச்சு, ஆனா உள் பேஜ் எங்க வரணும்னு காட்டுற அவுட்லெட் வச்சு லேஅவுட்டுக்குள்ள லேஅவுட் எழுதுறது அவ்ளோ சுத்தமா வருது, அந்த உழைப்பு வீண் போகல. 6.4ல பேஜுக்கு வேண்டிய டேட்டாவை முன்னாடியே எடுக்குற லோடர் வந்துச்சு, கூடவே ஸ்க்ரோல் ரெஸ்டரேஷன், பேக் வந்தா லிஸ்ட்ல விட்ட எடத்துலயே நிக்கும். ஒண்ணு கவனிக்கணும், லோடர் டேட்டா வர்ற வரைக்கும் பழைய பேஜ்தான் ஸ்க்ரீன்ல இருக்கும். கடைக்குப் பின்னாடி குடோன்ல சிக்னல் கம்மி, தட்டுனா எதுவும் நடக்காத மாதிரி தெரியும், மறுபடி தட்டுவாங்க. பேஜ் மாறுற நிலையைச் சொல்ற யூஸ்நேவிகேஷன் லோடிங்னு சொன்னதும் மேல ஒரு பட்டை ஓட விட்டா நிம்மதி.

7க்கு மாறுறது லேசுதான், 6லயே ஃபியூச்சர் ஃப்ளாக்ஸை (அடுத்த வெர்ஷன் மாற்றத்தை முன்னாடியே ஆன் பண்ற செட்டிங்) ஒவ்வொண்ணா ஆன் பண்ணிட்டு வந்தா போதும். ரீமிக்ஸ்ங்கற ஃப்ரேம்வொர்க்ல இருந்து வந்த ஃப்ரேம்வொர்க் மோடை நான் தொடல, இந்த மாதிரி ஆப்புக்கு லோடர் எல்லாம் தர்ற டேட்டா மோடே தாராளம். பேஜ் மாறுனதும் ஃபோகஸை புது தலைப்புக்கு நகர்த்துறதை மட்டும் ரவுட்டர் பண்ணாது, ஸ்க்ரீன் ரீடர் வச்சு கேக்குறவங்களுக்கு பேஜ் மாறுனதே தெரியாம போயிடும், அதை நாமளே எழுதணும், தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.