1,86,000 கிலோமீட்டர் ஓடிய பிறகும், அந்த இரண்டாயிரத்துக்குக் கீழே

போன வாரம் மச்சினன் போன் செய்தான். திருத்துறைப்பூண்டியில் 2015 மாடல் டீசல் கார் ஒன்று விலைக்கு வருகிறதாம், என்னிடம் இருக்கும் அதே இன்ஜின். "அத்தான், நீங்க இத்தனை வருஷமா வச்சிருக்கீங்க. வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றான். அன்றைக்குத்தான் என் வண்டி பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தது. வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். இரவு முழுக்க அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இன்ஜினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1248 சிசி, நாலு சிலிண்டர், காமன் ரெயில், 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் இழுவை. இத்தாலியில் வடிவமைத்தது, இங்கே பல கம்பெனிக் கார்களில் ஓடியது, தேசிய இன்ஜின் என்றே பெயர் வாங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது புது வண்டிகளில் நின்றுபோனது. கம்பெனி எதுவானாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்பதால், என் காரின் பெயர் இங்கே முக்கியமில்லை.

ஆனால் அந்த 190 எப்போது கிடைக்கிறது என்பது முக்கியம். 2000 ஆர்.பி.எம்.மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 2000 முறை சுற்றும்போது. காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் அனுப்பும் டர்போவைச் சுற்ற வைப்பது இன்ஜின் வெளியே தள்ளும் புகைதான். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் புகை குறைவு, டர்போ சோம்பிக் கிடக்கும், காற்று அழுத்தம் ஏறாது. அந்த நேரத்தில் நம்மிடம் இருப்பது மூச்சில்லாத ஒன்றேகால் லிட்டர் டீசல் இன்ஜின் மட்டும். திருச்சி–தஞ்சாவூர் நாலுவழிச் சாலையில் இது தெரியவே தெரியாது. எங்கள் ஊருக்குள் தெரியும்.

டெல்டாவில் கார் ஓட்டுவது என்றால் வாய்க்கால் பாலம் ஏறி இறங்குவது. மன்னார்குடியிலிருந்து எங்கள் கிராமத்துக்கு 11 கிலோமீட்டர், அதற்குள் சின்னதும் பெரிதுமாக ஒன்பது பாலம். ஒவ்வொன்றும் முதுகு தூக்கி நிற்கும். இரண்டாவது கியரில் பாதி ஏறும்போது எதிரே சைக்கிள் வரும், இல்லை மாடு நிற்கும். பிரேக்கைத் தொட்டால் ஆர்.பி.எம். முள் 1300-க்கு இறங்கிவிடும். அப்புறம் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒன்றும் நடக்காது. இன்னும் மிதித்தாலும் நடக்காது. பின்னால் டிராக்டர்காரர் ஹாரன் அடிப்பார். திடீரென்று டர்போ விழித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளும். பின்சீட்டில் அம்மா முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "ஏண்டா இப்படித் தூக்கிப் போடுற" என்பார். முதல் கியருக்கு மாற்றினால் சரியாகும், ஆனால் ஒன்பது பாலத்திலும் முதல் கியர் போட்டால் கிளட்ச் என்னாகும்? 82,000 கிலோமீட்டரிலேயே கிளட்ச் தட்டு மாற்றியாகிவிட்டது. சம்பா அறுவடை சமயத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். மீதிப் பாதியில் எதிரே பஸ் வரும். நின்று, எடுத்து, நின்று, எடுத்து... தை, மாசி இரண்டு மாதமும் எனக்கு இந்த வண்டி மேல் கோபம்தான்.

இந்த முறை பட்டறைக்குப் போனதற்குக் காரணம் வேறு. தீபாவளிக்குப் பிறகு 2000-க்கு மேலேயும் இழுவை போய்விட்டது. கரும்புகை, கூடவே மெல்லிய விசில் சத்தம். பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, டர்போ போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும், 48,000 ரூபாய் ஆகும் என்றார்கள். வண்டிக்கு அடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

மனசு ஒப்பாமல் மன்னார்குடியில் ஒரு சின்னப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அந்த மெக்கானிக் பானட்டைத் திறந்து, டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் தடவிப் பார்த்தார். கை எண்ணெயாக வந்தது. ஹோஸின் அடிப்பக்கம் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. டர்போ அழுத்திய காற்று வழியிலேயே கசிந்துவிடுகிறது. சென்சார் அளந்த காற்று சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. டீசல் மட்டும் கணக்குப்படி விழுகிறது, முழுசாக எரியாமல் கரும்புகையாகிறது. ஹோஸும் கூலியும் சேர்த்து 3,200 ரூபாய். 48,000-ஐ நம்பிக் கொடுத்திருந்தால்? அந்தக் கோபம்தான் மச்சினனிடம் பேசும்போது வெளியே வந்துவிட்டது.

கழற்றியதோடு கழற்றியதாக இஜிஆர் வால்வையும் திறந்தார். காற்று போகும் வழியில் பாதிக்குத் தார் மாதிரிக் கரி. எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டால் எரியும் வெப்பம் குறையும், நைட்ரஜன் ஆக்சைடு குறையும், அதற்காக வைத்த வால்வு அது. புகையின் கரியும் இன்ஜினின் எண்ணெய் ஆவியும் அங்கே சேர்ந்து பிசினாகின்றன. "தம்பி, வண்டி எங்கெங்க ஓடுது?" என்று கேட்டார். வயல், கடைத்தெரு, நெல் கொள்முதல் நிலையம், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஆஃப் பண்ணாமல் நிற்பது. சொல்லச் சொல்லத் தலையாட்டினார். இன்ஜின் நன்றாகச் சூடேறும் முன் அணைத்தால், சூடேறியும் மெதுவாகவே ஓட்டினால் இப்படித்தான் கரி கட்டும் என்றார். மாதம் ஒரு முறையாவது தஞ்சாவூர் தாண்டி விரட்டிவிட்டு வரச் சொன்னார்.

இவ்வளவு திட்டிவிட்டேன், இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் பாவம். 1,86,000 கிலோமீட்டரில் டர்போ மாற்றவில்லை, இன்ஜெக்டர் மாற்றவில்லை, ஹெட்டைக் கழற்றவே இல்லை. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் இல்லாத, செயின் வைத்த இன்ஜின் இது. அந்த செயினை விறைப்பாகப் பிடித்திருப்பது ஆயில் அழுத்தம்தான் என்பதால் ஆயில் விஷயத்தில் மட்டும் நான் கஞ்சத்தனம் காட்டியதில்லை. 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்றால் நான் 8,000-த்திலேயே மாற்றிவிடுவேன். டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை மழைக்காலத்தில் மறக்காமல் வடித்துவிடுவேன். நெடுஞ்சாலையில் விரட்டி வந்தால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் அணைப்பேன். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றிய டர்போவின் தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் நிற்கிறது, இன்ஜினை அணைத்தால் அந்த ஆயில் ஓட்டமும் நின்றுவிடும். திருச்சி சாலையில் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுக்கிறது, ஊருக்குள் 16.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிகாலை கஜா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் மூன்று வாரம் கரண்ட் இல்லை. தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தது. தினமும் காலையில் இந்த இன்ஜினை ஓடவிட்டு, தெருவில் இருந்தவர்களின் போன்களை ஒவ்வொன்றாகச் சார்ஜ் ஏற்றினோம். வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்கு "உயிரோட இருக்கோம்" என்று சொன்னது அந்த சார்ஜில்தான். ஒரு நாள்கூட இரண்டாவது முறை சாவி திருப்ப வைக்கவில்லை.

நேற்று மச்சினனிடம் மறுபடி பேசினேன். காலையில் குளிர்ந்த இன்ஜினை உன் கண்முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல், செயின் சத்தம் கேட்கிறதா பார், ஹோஸைத் தடவிப் பார், ஆயில் மாற்றிய பில் கேள் என்று எல்லாம் சொன்னேன். "அப்போ வாங்கலாம்ங்கறீங்க" என்றான். வேண்டாம் என்றேன். வீட்டுக்கும் கடைக்கும் மூன்று கிலோமீட்டர், அதைத் தாண்டி அவன் போவதில்லை. பழைய பெட்ரோல் வண்டி ஒன்று பார் என்றேன்.

"சரி, அப்போ உங்களுதைக் கொடுத்துட்டு நீங்களும் பெட்ரோலுக்கு மாறிடுங்களேன்" என்றான்.

கொடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை செங்கிப்பட்டி வரை ஒரு ஓட்டம் போகிறேன். கரி எடுத்த பிறகு 1800-லேயே இழுப்பது போல இருக்கிறது, நாலாவது கியரில் வைத்துப் பார்க்க வேண்டும்.